மூடக்கூடாத சதுரம்

விசிறியைக் கழற்றியது நான். கழற்றச் சொன்னது என் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வந்த மாதங்களில் எங்கள் வீட்டில் இது ஒரு வழக்காகவே நடந்தது.

புக்கிட் பாத்தோக்கில் எங்களுடையது பழைய அடுக்குமாடி வீடு. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பொது நடைபாதை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் புகை வெளியே போவதற்காக அந்தச் சுவரை வெட்டி ஓர் எக்ஸாஸ்ட் விசிறியைப் பதித்திருந்தார்கள். உயரத்தில் வைக்க வேண்டியதை, ஏனோ, ஆள் முகத்தின் மட்டத்தில் வைத்திருந்தார்கள். நாங்கள் குடிவந்த நாளிலேயே அது கிழடு. போட்டால் முதலில் முனகும், அப்புறம் இருமும், அப்புறம்தான் சுற்றும். ஒரு சனிக்கிழமை கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது கரகரவென்று இழுத்து நின்றது. கம்பி எரியும் நாற்றம்.

"முதல்ல அதக் கழட்டிப் போடுங்க. தீப்பிடிச்சா என்ன பண்றது?"

மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினேன். மூன்று திருகுகள் வந்தன; நாலாவது துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. கோபத்தில் சட்டத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். விசிறி வந்தது, அதோடு செங்கல்லின் மூலையும் பூச்சின் ஒரு பெரிய பத்தையும் வந்தன. எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்த ஒரு சதுரம் சுவரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் வழியே நடைபாதை அப்படியே சமையலறைக்குள் வந்துவிட்டது: எதிர்வரிசையின் பூந்தொட்டிகள், மின்தூக்கியின் மணி, யார் வீட்டிலோ சீன நாடகத்தில் ஒருத்தி விக்கி விக்கி அழும் சத்தம், சாய்ந்த வெயில்.

"நாளைக்கே சிமெண்ட் வாங்கி அடைச்சிடறேன்" என்றேன்.

அன்று மாலை ஈசூனிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை கூடத்தில் என்னோடு உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஏதோ மெல்லச் சொன்னாள். நான் எட்டிப் பார்த்தபோது மனைவி அவளைக் கட்டிப் பிடித்திருந்தாள். கட்டிப் பிடித்தபடியே, மகளின் தோளுக்கு மேலாக, அவள் கண்கள் சுவருக்குப் போயின. அந்தச் சதுரத்தில் போய் நின்றன. அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான் மகள் சொன்னது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

போன வருடம் ஒரு குழந்தை வருவதாக இருந்து வரவில்லை. நாலாம் மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து மகளை அழைத்துவந்த அன்று, டாக்சிக்காகக் காத்திருந்த இடத்தில், "அப்பா, எனக்கு ஒரு கறி பஃப் வேணும்" என்றாள். ஓடிப்போய் வாங்கிவந்தேன். ஒரு கடி கடித்தாள். மீதியைக் காகிதத்தோடு மடித்தாள், ஓரங்களை விரலால் அழுத்தி அழுத்தி, பரிசுப் பொருளைக் கட்டுகிற கவனத்தோடு. கைப்பையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தை என்ற சொல்லை யாரும் நேராகச் சொல்வதில்லை. 'அந்த விஷயம்' என்போம். இப்போது அந்த விஷயம் மறுபடி வந்திருந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் மனைவி சொன்னாள்: "அத அடைக்காதீங்க."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பிள்ளைத்தாச்சி பொழங்குற வீட்டுல ஓட்டைய அடைக்கக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது. சுவத்துலயே கை வைக்கக்கூடாது."

"அடைச்சா என்ன ஆகும்?"

"வழி அடைஞ்சிடும்."

"அவ ஈசூன்ல இருக்கா. ஓட்டை புக்கிட் பாத்தோக்ல இருக்கு."

"வருவா" என்றாள் மனைவி.

வந்தாள். இந்தத் தடவை ஓய்வாக இருக்க வேண்டும், கனமானதைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் மாறி மாறி வரும் ஷிப்ட். சம்பந்தியம்மாளும் வேலைக்குப் போகிறவர். பகலில் தனியாக விடமுடியாது, ஓய்வுபெற்ற நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று பேசி, மகளை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தோம். அவளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்த மேசையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே சமையலறை, அதற்குள் அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சதுரம்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. அந்த மாதங்களில் இந்த வாக்கியத்தை நான் மனைவியிடமும் மாப்பிள்ளையிடமும் கண்ணாடி முன்னாலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பிக்கை இல்லாதவனுக்கு இத்தனை தடவை சொல்லத் தேவையிருக்காது.

ஓட்டை என்றால் சும்மா இருக்கிற வெற்றிடம் என்றுதான் நினைத்திருந்தேன். அது சும்மா இருக்கவே இல்லை. மழை சாய்ந்தடித்த நாட்களில் நடைபாதையில் விழுந்த சாரல் அடுப்பங்கரைக்கு வந்தது. சீனர்களின் ஏழாம் மாதத்தில், செத்தவர்களுக்கென்று கீழே எரித்த காகிதத்தின் சாம்பல் மிதந்து வந்து சாம்பாரின் மேல் உட்கார்ந்தது. காற்று வந்தால் அது முனகியது. காற்று நின்றால் அது கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. சமையலறையில் யாரும் இல்லாதபோதும் யாரோ இருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் முதுகை அதற்குக் காட்டாமல் நின்று குடித்தேன்.

பிறகு மின்தூக்கிக்குப் பக்கத்தில் சிவப்புப் பதாகை தொங்கியது. டெங்கி. எங்கள் புளோக்கிலேயே சிலருக்கு வந்துவிட்டது. பதாகையில் கொசுவின் படம், ஒரு கைக்குழந்தையின் அளவுக்கு. கர்ப்பிணிகள் கவனமாக இருக்க வேண்டும் என்று நான்கு மொழிகளிலும் போட்டிருந்தது. நான்கையும் படித்தேன், எனக்குத் தெரியாத சீன எழுத்துக்களைக்கூடப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டின் சன்னல்களுக்கெல்லாம் வலை உண்டு. திறந்திருந்தது ஒரே ஒரு இடம்தான், அதையும் நானே பிய்த்துத் திறந்திருந்தேன்.

மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், கீழே இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சீன அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் சின்னச் சின்னக் கொத்து வேலையும் செய்வார். வாளி, ஒரு மூட்டை கலவை, சாந்து பூசும் கரணையோடு வந்தார். ஓட்டையை எட்டிப் பார்த்தார், விரலால் ஓரத்தைத் தட்டினார். "ஈஸி லா. ஒன் அவர்" என்றார். தண்ணீர் பிடிக்கத் திரும்பியவர், மேசையிலிருந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்த மகளைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"யுவர் டாட்டர்?"

"யெஸ்."

"ஹேவிங் பேபி?"

"யெஸ்."

"ஐயோ! ஒய் யூ நெவர் டெல் மீ?" கரணையைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். "கெனாட் லா, கெனாட். சிமெண்ட் கெனாட், டிரில் கெனாட். பேபி கம் அவுட், தென் யூ கால் மீ."

"அங்கிள், கொசு வருது. டெங்கி."

"டெங்கி, யூ ஸ்ப்ரே. திஸ் ஒன் பந்தாங்."

பந்தாங் என்றால் ஆகாது, விலக்கு. இந்த ஊரில் எல்லோருக்கும் பொதுவான மலாய்ச் சொல். அதைக் கேட்டதும் ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. நடைபாதையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய் அம்மா, மாச்சிக் என்றுதான் கூப்பிடுவோம், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே பார்த்தார்.

"பெதுல் லா" என்று அங்கிளுக்கு ஆமாம் போட்டார். என்னைப் பார்த்து, "எங்கள்ள கூட அப்படித்தான். ஓட்டை மூடக்கூடாது. என் மூத்தவன் வயித்துல இருக்கறப்ப என் புருஷன் மூடிட்டாரு. பாவம் நான், ரெண்டு நாள் வலி!" என்றார், மலாயும் நாற்பது வருடமாக எங்கள் ஆட்களிடம் கற்ற தமிழும் கலந்து. நான் மூட நினைத்த ஓட்டை வழியாகவே வந்து எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

மூன்று வீட்டுச் சமையலறைகள், மூன்று கடவுள்கள், ஒரே தீர்ப்பு. அங்கிள் போகும்போது மகளைப் பார்த்து "டேக் கேர், ஆ கேர்ள்" என்றார். மகள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். "அப்பா, அந்த அங்கிள் மூஞ்சியப் பாத்தீங்களா! பேயப் பாத்த மாதிரி!" ஆனால் அன்று மாலை அவள் அந்தச் சுவருக்கு முன்னால் தனியாக நின்றதைப் பார்த்தேன். ஒரு கை வயிற்றில் இருந்தது. மற்றொரு கையை ஓட்டைக்குள் நீட்டி, வெளிக் காற்றில் விரித்து வைத்திருந்தாள். என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் வலை போடுவதென்று ஆயிற்று. அதற்கும் வாதம்.

"வலை போட்டா மூடின மாதிரிதானே?" என்றேன், வேண்டுமென்றே.

"எப்படி மூடின மாதிரி? வலைன்னா என்ன, அதுவே ஓட்டைங்கதானே. ஒரு ஓட்டை இருந்த எடத்துல ஆயிரம் ஓட்டை இருக்கும். அதுல தப்பில்ல."

"ஆணி?"

"ஆணி கூடாது. டேப் போடுங்க."

டேப்பை ஒட்டினேன். சமையலறை ஆவியில் அது நாளுக்கு ஒரு மூலையாகக் கழன்றது. காலையில் எழுந்ததும் முதல் வேலை, வலை எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்ப்பது. இரண்டாவது வேலை, மகளின் கை கால்களில் புதிதாகச் சிவப்புத் தடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று, அவளுக்குத் தெரியாமல் பார்ப்பது. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஒருநாள் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிக் காட்டினாள். "செக் பண்ணிட்டீங்களா? ஓகேவா?" என்றாள். குரலில் கேலி இருந்தது. கேலிக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

நாலாம் மாதம் கடந்தது. அந்த மாதம் முழுக்க நாங்கள் மூவரும் வீட்டுக்குள் மெல்ல நடந்தோம். ஐந்து, ஆறு. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைத்தோம்.

வளையல் வாங்க நானும் மனைவியும் தேக்கா சந்தைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பூக்கடைகளின் மல்லிகை வாசனையும் ஈரத் தரையின் மீன் வாசனையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. வளையல் கடையில் மனைவி பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை எடுத்து, கீறல் இருக்கிறதா என்று காதோரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"வளைகாப்பு அவங்க வீட்டுல. அங்கேருந்துதான் நாம முறையா அழைச்சிட்டு வரணும். அதனால சனிக்கிழமையே அவளக் கொண்டுபோய் ஈசூன்ல விட்டுடணும்."

"சரி."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம்தான் திரும்பி வருவா."

"சரி."

அடுத்த வளையலை ஆட்டினாள். "அது வரைக்கும் நம்ம வீட்டுல பிள்ளைத்தாச்சி கிடையாது."

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கடை நடுவே நின்று அவளையே பார்த்தேன். இத்தனை மாதமும் அவளும் என்னைப்போலவே தூங்காமல் படுத்து, சட்டத்தில் இருக்கும் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவளுக்குத் தெரியவேண்டாம்" என்றாள். "அவ வாசப்படி ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க."

திரும்பும்போது ரயிலில் வளையல் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். நியூட்டனில் வண்டி மாறும்போது ஓர் இளைஞனின் முதுகுப்பை பெட்டியில் இடித்தது. பெட்டிக்குள் சின்னதாக ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்வரை நான் சரியாக மூச்சுவிடவில்லை. ஒன்றும் உடையவில்லை.

ஈசூனில் கூடத்து நாற்காலிகளை எல்லாம் ஒதுக்கி, மகளை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் சலசலத்தது. அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். ஆண்களெல்லாம் சுவரோரம் நின்று புளிச்சோறு சாப்பிட்டோம். மகள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் காட்டினாள். அழகாக இருந்தாள். அவ்வளவு அழகாக யாரும் இருக்கக்கூடாது, கண் பட்டுவிடும் என்று தோன்றியது. எனக்கா இப்படியெல்லாம் தோன்றுகிறது என்றும் தோன்றியது.

மனைவி பக்கத்தில் வந்தாள். "தலைவலின்னு சொல்லிட்டுக் கிளம்புங்க."

"என்ன சம்பந்தி, அதுக்குள்ளயா? பாயசம் இன்னும் வரல லா" என்று சம்பந்தியம்மாள் வாசல்வரை வந்தார். தலையைப் பிடித்துக்கொண்டு, பொய்யும் நானுமாக மின்தூக்கியில் இறங்கினேன்.

செங்கற்களை முதல்நாளே வாங்கிச் சலவைப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். கைபேசியில் ஒருவன் சுவர் எழுப்பும் வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். வலையைப் பிய்த்தேன். ஓரங்களைத் தேய்த்துத் துடைத்து, ஈரப்படுத்தி, கலவையைக் கரணையில் அள்ளி அடியில் பரப்பினேன். முதல் வரிசை கோணலாக வந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். இரண்டாவது வரிசை பரவாயில்லை. நடைபாதையின் தரை மறைந்தது, பூந்தொட்டிகள் மறைந்தன. கலவையின் குளிர்ச்சி விரலில் ஏற ஏற, பல மாதங்களுக்குப் பிறகு என் மார்புக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்தது. சீட்டியடித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

கைபேசி அடித்தது. மனைவி.

"வயித்த வலிக்குதுங்கறா. இறுக்கிப் பிடிக்குதாம். மாப்பிள்ளை டாக்சி கூப்பிட்டிருக்காரு, ஆஸ்பத்திரிக்குப் போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க." பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வைத்துவிட்டாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் சுவரைப் பார்த்தேன். பாதி மூடிய சதுரம். மூளை தெளிவாகத்தான் இருந்தது. ஈசூனில் ஒரு வயிறு, புக்கிட் பாத்தோக்கில் இரண்டு வரிசைச் செங்கல். நடுவில் கிராஞ்சி, சுவா சூ காங், எத்தனையோ நிலையங்கள், எத்தனையோ ஆயிரம் சுவர்கள். சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் விட்டுச் செங்கற்களைப் பிய்த்தேன். ஈரக் கலவை பொதபொதவென்று அடுப்பில் விழுந்தது. ஒரு கல் கையிலிருந்து நழுவித் தரை டைல் ஒன்றை உடைத்தது. கடைசிக் கல்லையும் எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கலவையை நகத்தால் வழித்து எறிந்து, வழி முழுக்கத் திறந்துவிட்டது என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்த பிறகுதான் வீட்டைப் பூட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மகளின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். இயந்திரத்திலிருந்து, ஈரத் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பது போன்ற சத்தம் வேகமாக வந்துகொண்டிருந்தது. அது பிள்ளையின் இதயம் என்றாள் நர்ஸ். நன்றாக இருக்கிறது. பொய் வலி, சில பேருக்கு முன்கூட்டியே இப்படி வரும், தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை; ஓர் இரவு இருந்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளை முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டார். மனைவி என் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட், விரல்நுனிகள் சிவந்து வெந்திருந்தன.

"எடுத்துட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

"ம்."

அவள் மூச்சை விட்டாள்.

"எத எடுத்தீங்க?" என்றாள் மகள் கட்டிலிலிருந்து.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே சமையலறைக்குப் போனாள். அடுப்பின்மேல் கல்லாக இறுகிப்போன கலவை, உடைந்த தரை டைல், வாளியில் செங்கற்கள், ஓரமெல்லாம் என் விரல் தடம் பதிந்த சதுரம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வளையல்களை இன்னும் கழற்றவில்லை.

"நான் இல்லாதப்ப மூடப் பாத்தீங்க. எனக்கு வலின்னதும் பிச்சிட்டீங்க. அதானே?"

"உன் நல்லதுக்குத்தாண்டி" என்றாள் மனைவி.

"போன தடவை எந்த ஓட்டைய மூடினீங்க?"

மனைவி பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த விஷயத்தை அதுவரை யாரும் அந்த வீட்டில் அப்படிச் சொன்னதில்லை.

"சொல்லும்மா. போன தடவை யாரு எந்த சுவத்துல கை வச்சா? யாரும் வைக்கல. அப்பவும் போச்சுதானே?" மகள் கத்தவில்லை. "நான் தினம் அந்த மேசையில உக்காந்து இதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன். தெறந்திருந்தா கொசு பயம், மூடினா வேற பயம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் இந்த சுவத்ததான் பாப்பீங்க. என்னைப் பாக்க மாட்டீங்க."

அவள் சொன்னது அத்தனையும் சரி. வயிற்று வலி என்றதும் நான் பார்த்தது சுவரைத்தான்.

"மூடுங்கப்பா. இப்பவே. நான் இங்க இருக்கும்போதே மூடுங்க."

மனைவி எழுந்தாள். "எனக்குத் தெரியாது. நான் பாக்கல" என்றாள். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசிறி சுற்றும் சத்தமும், அதற்குள் முணுமுணுப்பாகக் கந்தனைக் கூப்பிடும் சத்தமும் வந்தன.

நான் புதிதாகக் கலவை குழைத்தேன். மகள் நடைபாதைக்குப் போனாள்; வெளிப்பக்கம் பிதுங்கும் கலவையை வழிக்க ஒருவர் வேண்டும் என்றாள். உட்கார ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்காரவில்லை. சதுரத்துக்குள் அவள் முகம், சட்டம் போட்ட படம் மாதிரி.

முதல் கல். "கோணலா இருக்குப்பா."

"உள்ளேருந்து நேராத்தான் தெரியுது."

"வெளியேருந்து பாக்கறவங்களுக்கு மானம் போயிடும். இடது பக்கம் தட்டுங்க. ஆ, போதும்."

இரண்டாவது வரிசையில் அவள் தாடை மறைந்தது. மாச்சிக்கின் குரல் கேட்டது. அவர் பதறி ஏதோ சொல்ல, மகள் மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மாச்சிக்கின் கதவு சாத்தப்பட்டது. மூன்றாவது வரிசையில் வாய் மறைந்தது. இப்போது கண்கள் மட்டும். கரணையிலிருந்து கலவை சிந்தியது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல."

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான்" என்றது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "வைங்க."

கடைசிக் கல்லை இரண்டு ஓரமும் கலவை பூசி உள்ளே தள்ளினேன். கண்கள் போயின. நடைபாதை போயிற்று. மின்தூக்கி மணி, காற்று, தெருச் சத்தம் எல்லாம் ஒரே கணத்தில் நின்று, சமையலறை காதை அடைத்தது. எத்தனை அமைதி. நான் அந்த அமைதியைத்தான் பல மாதமாக விரும்பியிருந்தேன், வந்தபோது தாங்கமுடியவில்லை. கரணையைப் போட்டுவிட்டு ஓடினேன். சமையலறை, கூடம், மேசை முனையில் இடுப்பில் ஒரு இடி, இரும்புக் கதவின் பூட்டு. நாலடி நடந்தால் அவளே வந்துவிடுவாள். அந்த நாலடி பொறுக்கவில்லை. கதவைத் திறந்தேன். அங்கேயே நின்றிருந்தாள், விரல்களில் கலவையோடு.

"எதுக்குப்பா ஓடி வர்றீங்க? நான் எங்க போயிடுவேன்?"

பூச்சு காய்ந்தது. மேலே வெள்ளைச் சாயம் அடித்தேன். சாயம் அடித்தும் அந்த இடம் மட்டும் வெள்ளையில் வேறு வெள்ளையாகத் தெரிந்தது. மகள் வேலை செய்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். நானும் மனைவியும் சுவரைப் பார்க்காமலிருக்கப் பழகினோம். அவள் முகத்தைப் பார்க்கப் பழகினோம். அது சுலபமாக இல்லை. சுவரைப் பார்ப்பதுதான் சுலபம்.

வலி நிஜமாகவே வந்தபோது நாள் முழுக்க வந்தது. மாப்பிள்ளை உள்ளே இருந்தார். நாங்கள் இருவரும் வெளியே, குளிரூட்டியின் கீழே, ஒரே சால்வைக்குள். அந்தியில் டாக்டர் வந்தார். எதிர்பார்த்த மாதிரி வழி திறக்கவில்லை, இனிமேல் காத்திருக்க வேண்டாம், அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றார்.

வழி திறக்கவில்லை. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணை மூடினால் அந்த வேறு வெள்ளை தெரிந்தது. வீடு பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் சுத்தியலை எடுத்திருப்பேன். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரை நினைக்காதே, அவளை நினை, அவளை நினை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மாப்பிள்ளை பச்சைத் தொப்பியோடு வெளியே வந்தார். கைபேசியில் எடுத்த படத்தை நீட்டினார். பெண். சுருங்கிய, சினந்த, சிவந்த முகம்.

மனைவி படத்தை வாங்கி மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். அழுதுகொண்டே, ஒரு வழக்கில் ஜெயித்தவளின் குரலில் சொன்னாள்: "வழிய அடைச்சா வேற வழியா வந்துட்டா பாத்தீங்களா."

அது என் மேல் சொன்ன குற்றமா, பேத்திக்குச் சொன்ன பெருமையா என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவ எப்படி இருக்கா?" என்றேன்.

"யாரு மாமா? அம்மாவா, பாப்பாவா?" என்றார்.

இனிமேல் இரண்டு தடவை கேட்க வேண்டும். கேட்டேன்.